அரிக்காத மழை

ஸ்வீடன் தேசத்து ஷேவ்டெ நகரில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவினர் உருவாக்கி, 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் முற்றுப்பெறாத நிலையிலேயே வெளியிட, சுமார் ஒரு மாத காலத்தில் 50 லட்சம் பிரதிகள் விற்றுப்போன 'வால்ஹைம்' என்னும் கணினி விளையாட்டில், மழை வெறும் அலங்காரக் காட்சியாக வைக்கப்படவில்லை. அது பெய்தால், திறந்த வெளியில் நிற்பவனை நனைத்து அவனுக்குத் தெம்பு திரும்பும் வேகத்தைக் குறைக்கிறது; கூரையற்ற இடத்தில் எரியும் நெருப்பை அவிக்கிறது; தலைக்குமேல் மறைப்பில்லாத மரச்சுவரையும் மரத்தூணையும் தளப்பலகையையும் சிறிது சிறிதாக அரிக்கிறது. நேற்றுவரை புத்தம் புதிதாய் இருந்த பலகை இரண்டொரு மழைக்குப் பின் தேய்ந்து பழசாகிவிட்ட கோலத்தைக் காணும் புதிய ஆட்டக்காரன், ஏதோ மிருகம் வந்து தாக்கிவிட்டது என்றே முதலில் எண்ணுகிறான். தாக்கியது வானம் என்று தெரிந்துகொள்ள அவனுக்குச் சில நாள் பிடிக்கிறது. ஆயினும் இந்த அரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. மரத்தின் பலம் பாதியாகக் குறைந்ததும் மழை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதற்குமேல் எத்தனை காலம் கொட்டினாலும் எஞ்சிய பாதியை அதனால் தொட முடியாது. பக்கத்தில் ஒரு தச்சுமேசையும் கையில் ஒரு சுத்தியலும் இருந்தால், ஒரு துண்டு மரங்கூடச் செலவின்றி இழந்த பாதியை மீட்டுக்கொள்ளலாம்.

இந்த விதி நடைபெறும் உலகம் எத்தகையது என்பதையும் சேர்த்து நோக்கினால் விஷயம் இன்னும் விசித்திரமாகிறது. ஆட்டக்காரன் அங்கே உயிரோடு இருப்பவன் அல்லன். போரில் மாண்ட ஒரு வைக்கிங் வீரன். நார்ஸ் புராணம் கூறும் ஒன்பது உலகங்களோடு பத்தாவதாக ஒன்றைக் கற்பித்து, அங்கே அவனை வால்கிரி என்னும் போர்த்தேவதை ஒருத்தி கொண்டுவந்து இறக்குவதாகக் கதை தொடங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் வானத்தின் குறுக்கே இக்த்ரசில் என்னும் உலக விருட்சத்தின் பெருங்கிளைகள் தெரிகின்றன. ஓதின் என்னும் தெய்வத்தின் பழம்பகைகளை வென்று தன் தகுதியை நிலைநாட்டுவதே அவனுக்கு விதிக்கப்பட்ட கடமை. அப்படியிருந்தும், வந்த முதல் நாளே அந்தப் பிரேதாத்மா செய்கிற காரியம், சுள்ளி பொறுக்கி, மரம் வெட்டி, ஒரு குடிசை போடுவதுதான். கூரைக்கடியில் நெருப்பருகே சற்று நேரம் அமர்ந்திருந்தால் அவனுக்கு இளைப்பாறிய நிலை வாய்க்கிறது. செத்த பிறகும் ஒழுகாத ஓரிடம் வேண்டியிருக்கிறது என்பதை, மரணத்தைப் பற்றி மிகுதியாக யோசித்தவர்கள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மழையிலிருந்து வீட்டைக் காக்க அவ்வுலகம் தானே அனுமதிக்கும் வழிகள் இரண்டு. ஒன்று கூரை, மற்றொன்று கல். கல்லை மழை அரிப்பதில்லை. அதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும். கூரையோ தனக்கென ஒரு சாஸ்திரம் உடையது. வேய்ந்த கூரைத் துண்டுகளை மழை ஒன்றும் செய்வதில்லை; அவற்றின் நிழலில் இருக்கும் மரத்தையும் அது விட்டுவிடுகிறது. மேலே நோக்கினால் மறைப்பு இருக்கிறதா என்பதையே விதி பார்க்கிறதாகையால், சுவருக்கு வெளியே கூரையை நீட்டி இறவாணம் விட்டவனுடைய சுவர் பிழைக்கிறது. அழகு கருதிக் கைமரங்களின் நுனியைக் கூரைக்கு அப்பால் துருத்தும்படி விட்டவனுடைய வீட்டில் அந்த நுனிகள் மட்டும் தேய்ந்துபோகின்றன. பெரிய சங்கடம் அடுப்பினால் வருகிறது. அவ்விளையாட்டில் புகை ஒரு பொருளாகவே எழுந்து மிதக்கிறது. போக்கிடம் இல்லையேல் கூரைக்கடியில் திரண்டு, மெல்லக் கீழிறங்கி, உள்ளே இருப்பவனை மூச்சுமுட்டச் செய்கிறது. ஆகவே கூரையில் துளை வேண்டும். துளை விட்டால் மழை புகுந்து நெருப்பை அவித்துவிடும். புகை போக வேண்டும், மழை வரக் கூடாது என்னும் இந்த இரண்டு நிர்ப்பந்தங்களுக்கும் நடுவே பலவாறு மல்லாடியபின், முகட்டில் ஓர் இடைவெளி விட்டு, அதற்குச் சற்றே உயரத்தில் வேறொரு சிறு கூரையை ஏற்றி, அதன் பக்கங்களைத் திறந்துவைக்கும் உபாயத்தை ஒருவன் தானே கண்டுகொள்வானாயின், அன்று அவனுக்கு உண்டாகும் களிப்பு, பெரிய எதிரி ஒன்றை வீழ்த்திய களிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. ஐரோப்பாவின் வடபகுதி மக்கள் நெருப்பைக் கண்ட காலந்தொட்டுப் பட்ட பாட்டை அவன் ஒரு மாலைப்பொழுதில் பட்டு முடித்துவிடுகிறான்.

மூன்றாவது வழியொன்று உண்டு. ஆனால் அது அவ்வுலகத்துக்குள் இல்லை. ஆட்டக்காரர்கள் 'மாட்' என்று சொல்லும் திருத்தங்களுள் பெயர்பெற்றதாகிய 'வால்ஹைம் பிளஸ்' என்பதை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிவிட்டால், அதன்பின் எந்தக் கட்டடத்தையும் மழை அரிப்பதில்லை. மற்றவை யாவும் முன்போலவே நடக்கும். மனிதன் நனைவான், நெருப்பு அவியும், நீர் விழும் ஓசை கேட்கும், மரம் மட்டும் அந்த மழையோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாததுபோல் நின்றுகொண்டிருக்கும். இந்த வரியை மாற்றலாமா, கூடாதா என்பது விளையாடுவோருக்குச் சௌகரியத்தைப் பற்றிய ஒரு சிறு கேள்வி. சிருஷ்டி, ஸ்திதி, சம்ஹாரம் என்று நம் சமய நூல்கள் பகுத்துரைக்கும் தொழில்களுள் நடுவே நிற்பதன் இயல்பு யாது என்னும் மிகப் பழைய கேள்வியே இங்கே வேறு உடை உடுத்து வந்திருக்கிறது என்பது என் கருத்து. காத்தல் என்றால் அழிவை வரவிடாமல் தடுத்துவிடுவதா, வந்துகொண்டேயிருக்கும் அழிவோடு உடனிருந்து திருத்திக்கொண்டே போவதா?

அதற்குமுன், படைத்தவன் அழிவை எதற்காக வைத்தான் என்பதைக் கேட்டாக வேண்டும். பிரபஞ்சத்தைப் பற்றி இக்கேள்வியை எழுப்பினால் படைத்தவன் முன்வந்து விடை கூறுவதில்லை; மனிதர் செய்த உலகங்களைப் பற்றிக் கேட்டால் காரணம் கண்கூடாகத் தெரிகிறது. ஃபேஸ்பஞ்ச் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரஸ்ட்' என்னும் விளையாட்டில் அழிவு முழுமையானது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருவிப் பெட்டி உண்டு. அதில் மரம், கல், இரும்பு முதலியவற்றைப் பராமரிப்புச் செலவாக நிரப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டி காலியானால் வீடு தானே உதிரத் தொடங்கும். மரவீடு சில மணி நேரத்திலும், கல்வீடு அதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலும் சுவடின்றி மறைந்துபோகும். இது போதாதென்று, ஒவ்வொரு மாதத்தின் முதல் வியாழக்கிழமையன்றும் உலகம் முழுவதுமே துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். நாள் குறித்து வரும் பிரளயம் அது. ஏன் இவ்வளவு கடுமை என்றால், ஒரே நிலப்பரப்பில் நூற்றுக்கணக்கானோர் வந்து கட்டுகிறார்கள். பாதியில் சலித்துப் போய்விட்டவர்களின் வீடுகள் உதிராமல் நின்றால் புதிதாய் வருபவனுக்குக் கால் வைக்க இடமிராது. உலகைத் தாங்கும் இயந்திரமும் பாரம் தாளாது. சம்ஹாரம் என்பது உயிர்களின் இளைப்பை ஆற்றுதற்பொருட்டு என்று சைவ சித்தாந்திகள் சொன்னார்கள். ரஸ்டின் கர்த்தாக்களோ, அது பின்னால் வருபவர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதற்காக என்கிறார்கள். இரண்டாவது காரணம் கருணையிற் குறைந்ததாகத் தோன்றினாலும், பிறக்கப்போகிறவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

வால்ஹைமில் இந்த நெருக்கடி இல்லை. ஓர் உலகில் ஒரே சமயத்தில் பத்துப் பேருக்குமேல் சேர்ந்து ஆட முடியாது. அந்தப் பத்துப் பேரும் ஆயுள் முழுவதும் நடந்தாலும் அலுக்காத அளவு நிலமும் கடலும் விரிந்து கிடக்கின்றன. இடம் ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லாத உலகில் மழை மரத்தை அரிப்பானேன்? ஆலோசித்துப் பார்த்தால் ஒரு காரணந்தான் அகப்படுகிறது: கூரைக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்பதற்காக. அரிப்பு அறவே இல்லையானால், வீட்டின் சுவரும் தோட்டத்து வேலியும் கூரையைப் பொறுத்த அளவில் ஒன்றாகிவிடும். அரிப்பு முழுமையாக இருந்தாலோ, பரீட்சைக்குப் படிக்கப் போன ஒரு மாணவன், கூட ஆடுபவர்கள் அங்கே நடமாடிக்கொண்டிருக்க, இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது அவன் கட்டிய மண்டபம் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கும். பாதியில் நிற்கும் அரிப்பு இவ்விரண்டையும் தவிர்க்கிறது. கவனியாதவனுடைய வீடு பலம் குன்றுகிறது, அது தொலைந்துபோவதில்லை. தண்டிப்பதுபோல் தோன்றித் திருத்துவதற்கு மறக்கருணை என்று பெயரிட்டவர்கள் இந்தப் பாதிக் கணக்கைப் பார்த்திருந்தால் தங்களுக்கு ஓர் உதாரணம் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார்கள். பாதியில் நிற்கும் நியதி ஒரு நியதியா என்று தர்க்கவாதி ஒருவர் ஆக்ஷேபிக்கக்கூடும். எல்லையும் நியதியின் ஒரு பகுதிதான் என்பதற்குமேல் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இன்னொரு விநோதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அருகில் ஆட்டக்காரர் எவரும் இல்லாத பிரதேசத்தை அந்த உலகம் இயக்குவதே இல்லை. ஆதலால் ஆளில்லாத வீட்டை அங்கே மழை அரிப்பதும் இல்லை. காணப்படுவதே உள்ளதாவது என்று 1710ஆம் ஆண்டில் வாதித்த பெர்க்லி பாதிரியார், கடவுள் எப்பொழுதும் பார்த்துக்கொண்டிருப்பதால் எவரும் காணாத மரமும் நிலைபெறுகிறது என்று ஆறுதல் கூறினார். இங்கே பார்ப்பவன் வந்தால்தான் மரம் தேயவே தொடங்குகிறது. குடியில்லாத வீடு பாழாகும் என்பது நாம் அறிந்த அனுபவம். அங்கே குடியிருப்பதே தேய்மானத்துக்குக் காரணமாகிறது.

நிற்க. காத்தல் யாது என்னும் கேள்விக்கு, அந்த விளையாட்டு எந்தப் புராணத்திலிருந்து தன் வானத்தைக் கடன் வாங்கியதோ அந்தப் புராணத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஐஸ்லாந்து தேசத்து ஸ்நோரி ஸ்துர்லுசன் என்பவர் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த எட்டாவில், இக்த்ரசில் விருட்சத்தின் நிலை வருணிக்கப்படுகிறது. அடியில் நித்ஹோக் என்னும் நாகம் வேரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மேலே மான்கள் தளிரைத் தின்கின்றன. உலகங்கள் அனைத்தையும் தாங்கும் மரத்துக்கே இந்தக் கதி. விதியை வகுக்கும் நோர்ன் தேவதைகள், வேரடியில் உள்ள உர்த் என்பவளின் ஊற்றிலிருந்து நாள்தோறும் நீர் முகந்து, ஊற்றைச் சுற்றியுள்ள சேற்றையும் சேர்த்து, கிளைகள் வாடி அழுகாமல் இருக்கும்படி மரத்தின்மேல் ஊற்றுகிறார்கள். இதில் என் மனத்தைக் கவர்வது அவர்கள் செய்யாமல் விட்ட காரியம். விதியையே வகுக்கும் அத்தேவதைகள் நாகத்தைக் கொல்லவில்லை, மான்களைத் துரத்தவில்லை, மரம் அழுகும் என்னும் விதியைத் திருத்தவும் முயலவில்லை. தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினார்கள், மறுநாளும் ஊற்றினார்கள்.

அப்புராணம் வழங்கிய வடதேசத்துத் தச்சர்களும் இதையே கற்றார்கள். நார்வேயின் ஆதி மரக்கோயில்களில் தூண்கள் நேரே மண்ணில் நடப்பட்டிருந்தன. மண்ணின் ஈரம் ஏறி அவை அடியில் அழுகின. பிற்காலத்தவர் கல்லின்மேல் கனத்த அடிவிட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் தூணை நிறுத்தினார்கள். கோயிலைச் சுற்றி ஒரு தாழ்வாரத்தை ஓட்டி உட்சுவருக்குச் சாரல் படாமல் தடுத்தார்கள். மரத்தின்மேல் பைன் மரத்துத் தாரைப் பூசினார்கள். தார் வெயிலிலும் மழையிலும் கரைந்துபோகும். ஆகவே சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். அடுத்த தலைமுறையும் பூச வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த போர்குண்ட் கோயில் இன்றும் கறுத்துப் பளபளத்து நிற்பது அந்தத் தார்ச்சட்டியின் புண்ணியத்தினால். நூற்றுக்கணக்காக இருந்த அத்தகைய கோயில்களில் 28 மட்டுமே இன்று நார்வேயில் எஞ்சியிருக்கின்றன. கவனிப்பாரற்றும் இடிக்கப்பட்டும் போனவையே அதிகம்.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் அதே நாட்டில் உண்டு. கி.பி. 834இல் இரண்டு பெண்மணிகளின் சடலங்களோடு மண்மேட்டுக்குள் புதைக்கப்பட்ட ஓசபேர்க் கப்பலை 1904இலும் 1905இலும் தோண்டி எடுத்தபோது, கப்பலோடு கூடக் கிடைத்த சித்திரவேலைப்பாடுள்ள மரப்பொருள்கள் பல நீரில் ஊறி நொய்ந்திருந்தன. அவற்றை என்றென்றைக்குமாக உறுதிப்படுத்திவிடும் நோக்கத்தோடு, அக்காலத்து நிபுணர்கள் படிகாரக் கரைசலில் இட்டுக் காய்ச்சினார்கள். பார்வைக்கு அவை திடமாயின. ஆனால் அந்தப் படிகாரமே நாளடைவில் மரத்துக்குள் கந்தக அமிலத்தை விளைவித்து, உள்ளிருந்தபடியே அதைப் பொடியாக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய மரம், ஒரு நூற்றாண்டுக் காப்பைத் தாங்கவில்லை. அந்த நிபுணர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் அன்று அறிந்த நல்லதையே செய்தார்கள். ஒரே தடவையில் காரியத்தை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசைதான் என் கண்ணுக்கு உறுத்துகிறது. பிரெஞ்சு ஞானி தேக்கார்த் 1641இல் வெளியிட்ட தியானங்களுள் மூன்றாவதில், ஒரு பொருளை ஒவ்வொரு கணமும் நிலைபெறச் செய்வதற்கு, அதைப் புதிதாகப் படைக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவும் வேண்டும் என்றார். சிருஷ்டியையும் ஸ்திதியையும் வேறு வேறு தொழிலாக எண்ணிப் பழகிய நமக்கு இது முதலில் மிகையாகப் படும். கணினிக்குள் இருக்கும் உலகத்தை நினைத்தால் மிகையே இல்லை: அங்கே அசையாமல் நிற்கும் சுவரும் ஒவ்வொரு நொடியும் பலமுறை புதிதாக வரையப்பட்டுக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது.

இவ்வளவும் கூரையின் பக்கத்து வாதம். கூரையே வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் இங்கே அழைக்காவிடில் விசாரணை முழுமை பெறாது. பாலி மொழியிலுள்ள சுத்தநிபாதத்தில் தனியன் என்னும் மாட்டிடையனுக்கும் புத்தருக்கும் நடந்ததாக ஓர் உரையாடல் வருகிறது. மஹீ நதிக்கரையில் தனியன் மனைவி மக்களோடு வாழ்கிறான். மழை திரண்டு வருகிறது. சோறு ஆக்கியாயிற்று, பால் கறந்தாயிற்று, குடிசை வேய்ந்தாயிற்று, நெருப்பும் மூட்டியாயிற்று. இனி விருப்பமிருந்தால் பெய்துகொள் என்று அவன் வானத்தைப் பார்த்துச் சொல்கிறான். அதே கரையில் ஓரிரவு தங்க வந்த புத்தர், தம் குடிசை திறந்து கிடக்கிறது, தம் நெருப்பு அவிந்துவிட்டது, ஆகவே விருப்பமிருந்தால் பெய்துகொள் என்று தாமும் வானத்துக்குச் சொல்கிறார். இருவர் வாயிலும் முத்தாய்ப்பு ஒன்றே. அங்கே வந்து சேர்ந்த வழிகள்தாம் எதிரெதிர். ஒருவன் உழைத்து முடித்துவிட்டதனால் அஞ்சவில்லை. மற்றவர் இழக்கத்தக்கது ஒன்றையும் வைத்துக்கொள்ளாததனால் அஞ்சவில்லை. பிறகு மேட்டையும் பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டு பெருமழை பெய்கிறது. தனியன் மனைவியோடு புத்தரைச் சரணடைகிறான்.

அமைப்புக் கோப்பில் வரியை மாற்றிய ஆட்டக்காரனும் கூரையில்லாத தன் மண்டபத்தின் நடுவே நின்றுகொண்டு, பெய்தால் பெய்துகொள் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லலாம். இது மூன்றாவது குரல். தனியனுடைய உழைப்பு இதில் இல்லை. புத்தருடைய பற்றின்மையும் இல்லை. பற்று அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் பற்று மிகுந்ததனால்தான் வரி மாற்றப்பட்டது. மாறியது மனிதனும் அன்று, வீடும் அன்று. மழையின் சுபாவம் மாற்றப்பட்டுவிட்டது. முதல் இருவரும் மழையை மழையாகவே எதிர்கொண்டு அதன் முன்னே அஞ்சாமல் நின்றார்கள். மூன்றாமவனோ அஞ்சத்தக்கதை நீக்கிவிட்டு அஞ்சாமையைப் பெறுகிறான். அந்த அஞ்சாமையில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வீரம் என்றோ ஞானம் என்றோ பெயர் சூட்டத்தான் தயங்குவேன். அதுவுமன்றி, அவன் நீக்கியது மழையின் ஒரு பிரிவை மட்டுமே. அதே துளி நெருப்பின்மேல் விழுந்தால் நீராகவும் மரத்தின்மேல் விழுந்தால் வெறும் சித்திரமாகவும் இருக்கிறது. ஓர் உலகத்தில் ஒரு பொருள் எங்கும் ஒரே சுபாவத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமே, அந்த எதிர்பார்ப்பு உடைகிறது. இந்தக் குறை அரிப்பின் குறையைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம்; பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆட வந்து, அந்த ஒரு மணியையும் சுவர் தட்டுவதிலேயே செலவிட மனமில்லாதவர் வேறுவிதமாக எண்ணுவதற்கும் நியாயம் உண்டு.

அவர் சார்பாக இன்னும் வலுவான பூர்வபக்ஷம் ஒன்று இருக்கிறது. அழியாத வீட்டை ஆசைப்படுவது தவறானால், சமயங்கள் அந்த ஆசையைத்தானே வளர்த்துவந்திருக்கின்றன? பூச்சியும் துருவும் கெடுக்காத இடத்தில் பொக்கிஷத்தைச் சேர்த்துவைக்கும்படி ஏசுநாதர் மலைப்பிரசங்கத்தில் போதித்தார். ஓதினின் வால்ஹல்லா என்னும் மண்டபம் பொற்கேடயங்களால் வேயப்பட்டிருந்ததாக நார்ஸ் புராணம் சொல்கிறது. ரக்னரோக் என்னும் பிரளயத்துக்குப் பின்னும் நிலைத்திருப்பதாக, பொன்னால் வேய்ந்த கிம்லே என்னும் மாளிகையைப் பற்றியும் அதே புராணம் சொல்கிறது. நம் நூல்களிலோ நித்திய விபூதி என்று ஓர் உலகமே இருக்கிறது. ஆகவே, பக்தன் மறுமையில் வேண்டுவதையே ஆட்டக்காரன் இம்மையில், அதுவும் ஒரு விளையாட்டில், வேண்டுகிறான். இதில் என்ன பிழை?

இந்த வாதத்துக்கு வெகுநேரம் விடை காண முடியாமல் இருந்தேன் என்றாலும், கவனித்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை புலப்படுகிறது. அந்த அழியாத வீடுகளுள் ஒன்றையாவது அங்கே குடியிருப்பவர்கள் கட்டவில்லை. பரலோகத்தில் வாசஸ்தலங்கள் ஆயத்தம் செய்யப்படுகின்றன. வால்ஹல்லாவுக்கு வீரன் விருந்தாளியாகப் போகிறான். வைகுந்தத்தில் ஒருவரும் செங்கல் சுமப்பதில்லை. அளிக்கப்பட்ட வீடு அழியாது. ஆக்கிய வீடு அழியும் என்பதே சமயங்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. ஆட்டக்காரனோ தன் கையாலேயே கட்ட வேண்டும், கட்டியது தேயவும் கூடாது என்கிறான். இது சுவர்க்க ஆசையன்று, ஈசுவரனாகும் ஆசை. பிரம்மசூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்துக் கடைசிப் பாதம் முக்தி பெற்றவனுக்குச் சங்கற்ப மாத்திரத்தில் வேண்டியன கைகூடும் என்று தாராளமாகக் கூறிக்கொண்டே வந்து, ஒரு விலக்கு வைக்கிறது: ஜகத் வியாபாரம், அதாவது உலகை ஆக்கி, அளித்து, நியமிக்கும் காரியம், முக்தனுக்கு இல்லை. ஸ்ரீபாஷ்யம் இயற்றிய இராமாநுஜர் இதைக் குறைவாகக் கருதவில்லை. பரமாத்மாவை அனுபவிக்கும் ஆனந்தத்தில் முக்தனுக்குக் குறையொன்றும் இல்லை என்று காட்டிவிட்டு, நியமனத்தை மட்டும் இறைவனுக்கே உரியதாக விட்டார். இரண்டு முக்தர்களுக்கு ஒரே மழையைப் பற்றி இரண்டு சங்கற்பங்கள் தோன்றினால் என்ன ஆவது என்று யோசித்தால், அந்த விலக்கின் அவசியம் யாருக்கும் விளங்கும்.

பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் இது வெறும் யோசனையாக இராமல் நடைமுறைத் தகராறாகவே வந்து நிற்கிறது. வால்ஹைம் பிளஸ்ஸை சர்வரில் அமைத்தவர் எதைத் தீர்மானித்தாரோ அது அங்கே வந்து சேரும் அனைவருக்கும் பொருந்தும். அவரவர்க்கு அவரவர் மழை என்று வைத்துக்கொள்ள வழியில்லை. ஒருவர் இரக்கப்பட்டு அரிப்பை நீக்கினால், இறவாணத்தின் நீளத்தை அளந்து அளந்து கட்டிய மற்றொருவரின் வேலை வெறும் சிங்காரமாகிவிடும். நீக்காவிடில், ஆர்வத்தினால் பெரிய மண்டபம் ஒன்றைத் தொடங்கி, கூரை போட நேரமின்றி ஊருக்குப் போனவரின் தூண்கள், மற்றவர்கள் அவ்வழியே போகும்போதெல்லாம் தேய்ந்துகொண்டிருக்கும். இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், வரியை மாற்றாமல் விட்டுவிட்டு, அன்றன்று யார் ஆட வந்திருக்கிறாரோ அவர் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், இல்லாதவர் வீட்டுச் சுவரையும் சேர்த்துத் தட்டிவிட்டு வரலாம் என்பேன். அந்நியர் கைபடக் கூடாதென்று வீட்டுக்காரர் காவல் வைத்திருந்தாலன்றி, விதி அதைத் தடுப்பதில்லை, மரச்செலவும் இல்லை. அதற்கும் இணங்காமல், மழை தம் வீட்டைத் தொடவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர் ஒருவர் இருந்தால், அவர் கல்வீடு கட்டிக்கொள்ளலாம். கல்லைச் செதுக்கக் கல்தச்சன் மேசை வேண்டும். அந்த மேசையைச் செய்ய இரும்பு வேண்டும். இரும்பு வேண்டுமானால் சதுப்பு நிலத்துக்குப் போய், மழை ஓயாத அந்தச் சேற்றில் இறங்கி, பாழடைந்த நிலவறைகளைத் தோண்டியாக வேண்டும்.